தக்காளிக் காய் அடியில கறுத்துப் போகுது, அவசரம், யாராவது சொல்லுங்க

ஒரு_பை_தோட்டம் (காலை 7:52)
வணக்கம். மாடியில வளர்ப்புப் பையில 8 தக்காளிச் செடி இருக்கு. செடி நல்லா புதர் மாதிரி வளர்ந்திருக்கு, காயும் பிடிச்சிருக்கு. ஆனா காய் எலுமிச்சை அளவு வந்ததும் அடிப்பக்கம் கறுத்து உள்ளே அமுங்கிடுது. இன்னிக்கு மட்டும் 9 காய் பறிச்சுப் போட்டேன். முட்டை ஓடு போட்டாச்சு, வேப்பெண்ணெய் அடிச்சாச்சு. வேற என்ன மருந்து அடிக்கணும்? ஆபீஸ் கிளம்புறேன், சாயங்காலம் வந்து பார்க்கிறேன்.

சாந்தி அக்கா
தம்பியோ தங்கச்சியோ தெரியல, எந்த ஊரு? பை எத்தனை இன்ச்? கலவையில என்னென்ன போட்டீங்க? தண்ணி எப்போ ஊத்துறீங்க? ஒரு காயைக் குறுக்கே நறுக்கிப் பாருங்க. உள்ளே புழு ஓடின வழி இருந்தா அது காய்த்துளைப்பான். ஓட்டையே இல்லாம, அடித்தோல் மட்டும் தோல்செருப்பு மாதிரி காய்ஞ்சு கறுத்திருந்தா அது வேற கதை.

கோமியம்_77
பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி, 10 நாளைக்கு ஒரு தடவை. எங்க வீட்டுல 6 வருஷமா இது ஒண்ணுதான். மருந்துக் கடைப் பக்கமே போனதில்லை.

வேர்முடிச்சு
இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிஞ்சும். இது பூமுனை அழுகல். நோயும் இல்லை, பூச்சியும் இல்லை, எனவே மருந்தும் இல்லை. காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். வேப்பெண்ணெய் அடித்தது வீண் வேலை.

மூணாவது_மாடி
கால்சியம்னா வெத்தலைச் சுண்ணாம்பு. நெல்லிக்காய் அளவு எடுத்து ஒரு குடம் தண்ணியில கரைச்சு, தெளிஞ்ச தண்ணியை ஊத்துங்க. எங்க அம்மா சொல்லிக் கொடுத்தது.

வேர்முடிச்சு
சுண்ணாம்பு காரத்தன்மையை ஏற்றிவிடும். போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் ஏற்கெனவே காரம் கூடுதல். வாளி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் பெரும்பங்கு கால்சியம்தான். தினமும் கால்சியத்தை ஊற்றிக்கொண்டே கால்சியம் இல்லை என்று தேடுகிறீர்கள். குறை இருப்பில் இல்லை, போக்குவரத்தில்.

சாந்தி அக்கா
வேர்முடிச்சு அண்ணா, சொல்றது சரி. அதைப் புதுசா வந்தவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லலாமே. கால்சியம் தண்ணியோட சேர்ந்துதான் மேலே ஏறும். இலை நிறைய நீரை ஆவியா விடுது, அதனால தண்ணி பெரும்பாலும் இலைக்கே ஓடுது. காய்க்குப் போறது கொஞ்சம். பை காய்ஞ்சா அந்தக் கொஞ்சமும் நின்னுடும். இலைக்குப் போன கால்சியம் திரும்பக் காய்க்கு வராது.

செம்மண்காரர்
நான் கேக்காமலே சொல்றேன், இவங்க கோகோபீட்ல, அதான் தேங்காய் நார்க்கழிவுல, வெச்சிருப்பாங்க. மண்ணே இல்லாம செடி வளர்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு தெரியல. பாதி செம்மண், கால் பங்கு மட்கின சாணம், கால் பங்கு மணல், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. என் பி.கே.எம் 1 ரகத் தக்காளிச் செடியில ஒரு காய் கறுத்ததில்லை.

மூணாவது_மாடி
ஐயா, 12 இன்ச் பையில நனைஞ்ச செம்மண் 30 கிலோவுக்குக் குறையாது. நாப்பது பை வெச்சா மாடி என்ன ஆகும்? எங்க வீடு 1980கள்ல கட்டினது. கோகோபீட் கலந்ததாலதான் எனக்குத் தோட்டமே இருக்கு.

செம்மண்காரர்
சுவர் ஓரமா, கீழே பில்லர் வர்ற இடமாப் பார்த்து வைக்கணும். நடு மாடியில வைக்கச் சொல்லலையே.

மூணாவது_மாடி
வாடகை வீட்டுக்காரனுக்குப் பில்லர் எங்கே இருக்குன்னு எப்படித் தெரியும்?

செம்மண்காரர்
ஓனரைக் கேக்கலாமே. 

கீழவீதி
கோகோபீட்டைக் குறை சொல்லாதீங்க, கழுவாம போடறதைச் சொல்லுங்க. தேங்காய் நார்க்கழிவுல சோடியமும் பொட்டாசியமும் கூடுதல். ரெண்டுமே கால்சியத்துக்கு வழி விடாது. கட்டியை ஊற வெச்ச தண்ணியை ஒரு சொட்டு நாக்குல வைங்க, கரிச்சா இன்னும் கழுவணும். நான் மூணு தடவை ஊற வெச்சு வடிப்பேன், காபி நிறம் வெளிறின பிறகுதான் கலவைக்கு எடுப்பேன்.

ஒரு_பை_தோட்டம் (இரவு 9:10)
எல்லாருக்கும் நன்றி. ஊர் திருச்சி. பை 9 இன்ச். கோகோபீட் பாதி, மண்புழு உரம் பாதி. கழுவல, தெரியாது. போர் தண்ணி, ஆபீஸ்லேர்ந்து வந்து சாயங்காலம் ஒரு தடவை ஊத்துவேன். சனி ஞாயிறு ஊருக்குப் போயிடுவேன். கடலைப் புண்ணாக்குக் கரைசல் வாரம் ரெண்டு தடவை. எப்சம் சால்ட் 15 நாளைக்கு ஒரு ஸ்பூன், வீடியோவுல பார்த்தேன். காயை நறுக்கினேன் அக்கா, புழு இல்லை.

சாந்தி அக்கா
இதைக் காலையிலேயே சொல்லியிருந்தா இவ்வளவு பேச்சு வேண்டாமே கண்ணு. 9 இன்ச் பையில மொத்தமே 9 லிட்டர் கலவைதான் பிடிக்கும். 12 இன்ச்ல 20 லிட்டருக்கு மேல, 15 இன்ச்ல 40 லிட்டர். காய் பிடிச்ச தக்காளி அந்த வெயில்ல ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு லிட்டர் குடிக்கும். மத்தியானம் 2 மணிக்கே பை காஞ்சிருக்கும், நீங்க 7 மணிக்கு வர்றீங்க. ஒண்ணு கேக்கறேன்: ஊத்தின உடனே அடி ஓட்டை வழியா தண்ணி ஓடி வந்துடுதா?

ஒரு_பை_தோட்டம்
ஆமா அக்கா. ஒரு நிமிஷத்துல.

சாந்தி அக்கா
அதான். கோகோபீட் காய்ஞ்சா சுருங்கி, பைக்கும் அதுக்கும் நடுவுல விரல் போற அளவு இடைவெளி விழும். ஊத்தற தண்ணி அந்தச் சந்து வழியா இறங்கிடும். வேர் இருக்கற உருண்டை நனையவே இல்லை. நாளைக்கு ஒரு பையைத் தூக்கிப் பாருங்க, இறகு மாதிரி இருந்தா நான் சொன்னது நிஜம். முதல்ல ஓரத்தை விரலால அமுக்கி மூடுங்க. கொஞ்சமா ஊத்தி, 10 நிமிஷம் விட்டு, மறுபடி ஊத்துங்க. காலையில ஒரு தடவை கட்டாயம். மேலே காய்ஞ்ச இலையை மூணு விரல் கனத்துக்குப் போடுங்க.

கீழவீதி
புண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்க. புதர் மாதிரின்னு சந்தோஷமா எழுதியிருக்கீங்க, அதுவும் ஒரு காரணம். தழைச்சத்து கூடினா இலை கூடும், இலை கூடினா காய்க்குப் பங்கு குறையும். புளிச்ச கரைசல்ல இருக்கற அம்மோனியமும் கால்சியத்தை வேர்ல தடுக்கும். எப்சம் சால்ட்ல மெக்னீசியம், அதுவும் அதே வாசல்ல போட்டி போடும். இனிமே 15 நாளைக்கு ஒரு தடவை பைக்கு ரெண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும், கொஞ்சம் சாம்பல் தூவலாம்னு சிலர் சொல்வாங்க, போர் தண்ணிக்கு வேண்டாம். ஜிப்சம் ஒரு ஸ்பூன் போடலாம், அதுல கால்சியம் இருக்கு, காரத்தையும் ஏத்தாது.

கோமியம்_77
முட்டை ஓடாவது விடலாமா?

கீழவீதி
விடலாம், கெடுதல் இல்லை. கரைய மாசக்கணக்கு ஆகும், இந்தச் செடிக்கு உதவாது. மாவா அரைச்சு அடுத்த பட்டத்துக்குக் கலவையில போடுங்க.

வேர்முடிச்சு
கறுத்த காய் திரும்பத் தேறாது. பறித்துவிடுங்கள், செடிக்குச் சுமை குறையும். கறுப்பை வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம். முதல் கொத்துகளில்தான் இது அதிகம் வரும், மனம் விடாதீர்கள். 9 இன்ச் பையின் அடியைக் கிழித்து, அப்படியே 15 இன்ச் பைக்குள் இறக்கி, சுற்றிலும் புதுக் கலவை நிரப்புங்கள். வேர் கலையாது.

செம்மண்காரர்
புதுக் கலவையில மூணுல ஒரு பங்காவது செம்மண் சேருங்க. ஈரம் பிடிச்சு நிக்கும். 8 பைக்கு எந்த மாடியும் தாங்கும்.

மூணாவது_மாடி
8 பைக்குத் தாங்கும், ஒத்துக்கறேன்.

ஒரு_பை_தோட்டம் (24 நாள் கழிச்சு)
4 செடியை மட்டும் பெரிய பைக்கு மாத்தினேன். காலையில ரெண்டு லிட்டர், மாலையில ஒண்ணு. சனி ஞாயிறு பக்கத்து வீட்டுப் பாட்டி ஊத்தறாங்க. மாத்தின செடிகள்ல புதுக் கொத்து 14 காய், ஒண்ணுதான் கறுத்தது. மாத்தாததுல இன்னும் பாதிக்குப் பாதி. நன்றி அக்கா, நன்றி எல்லாருக்கும்.

கீழவீதி
நல்ல சேதி. கோகோபீட்டைக் கழுவினீங்களா, செம்மண் சேர்த்தீங்களா? ரெண்டுல எதுன்னு சொன்னா மத்தவங்களுக்கும் உதவும்.

செம்மண்காரர்
எனக்கும் அது தெரியணும்.