தற்காப்பு வழக்குக் காப்பீடு: நிபுணர் சாட்சிக்குக் காசு யார் தருவாங்க?

கேட்டி_கடைக்காரன்:
ஹூஸ்டன் பக்கம் கேட்டியில கேஸ் ஸ்டேஷன் வச்சிருக்கேன். கல்லாவுக்குக் கீழ கைத்துப்பாக்கி இருக்கு. க்ரீன் கார்டு, எல்லாம் முறைப்படிதான். சுட வேண்டி வந்தா வழக்குச் செலவைப் பார்த்துக்கற பிளான் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். விக்கறவர் "வக்கீல் ஃபீஸ் முழுக்க எங்க பொறுப்பு"ங்கறார். நிபுணர் சாட்சின்னு கேட்டதும் "அது ஆட்-ஆன் சார், தனியாக் காசு கட்டிச் சேர்க்கணும்"னு பேச்சை மாத்திட்டார். அது தேவைதானா?

பிளேனோ_மாமா:
வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்குமேப்பா. எதுக்கு டபுள் செலவு?

கோர்ட்டுவாசல்:
மாமா, அதை நம்பி இறங்க வேண்டாம். வேணும்னே செஞ்ச காயத்துக்குப் பணம் கிடையாதுன்னு அந்த பாலிசிகள்ல பொதுவா ஒரு விலக்கு இருக்கும். அது கிரிமினல் வழக்குக்கு வக்கீலும் வைக்காது.

கடைக்கார அண்ணா, நான் டாலஸ்ல கிரிமினல் வக்கீல் ஆபீஸ்ல பாராலீகல், அதாவது வக்கீலுக்கு உதவியாளர். நிபுணர்களுக்கு செக் அனுப்பறதே என் வேலைதான், அதனால சொல்றேன்: ஆட்-ஆன் இல்லாம எடுக்காதீங்க.

டெக்சஸ்ல தற்காப்புன்னு ஓரளவு ஆதாரம் காட்டிட்டா, அது தற்காப்பு இல்லைன்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கறது அரசுத் தரப்போட பொறுப்பு. அப்புறம் நமக்கு எதுக்கு நிபுணர்னு தோணும். ஆனா அவங்க பக்கம் பிரேதப் பரிசோதனை டாக்டரும் துப்பாக்கி ஆய்வாளரும் அரசுச் செலவுல வந்து உட்காருவாங்க. "குண்டு முதுகுல பாஞ்சிருக்கு"ன்னு ஒரு வரி போதும், ஜூரி முகமே மாறிடும். நீங்க விசையை அழுத்தற நேரத்துக்குள்ள எதிராளி திரும்பியிருக்கலாம்னு விளக்க நம்ம பக்கம் ஆள் வேணும். ஃப்ளோரிடாவுல ட்ரேவான் மார்ட்டின்ங்கற பையனைச் சுட்டுக் கொன்னுட்டு, தற்காப்புன்னு சொன்ன ஜிம்மர்மேனோட வழக்கு 2013-ல நடந்தப்போ, தடயவியல் டாக்டர் வின்சென்ட் டி மாயோ அவர் பக்கம் அப்படித்தான் வந்தார். துப்பாக்கி சட்டையில ஒட்டியிருந்தது, சட்டை உடம்பை விட்டு விலகித் தொங்கியிருக்கு, அதனால மார்ட்டின்தான் ஜிம்மர்மேன் மேல குனிஞ்சிருந்தார்ங்கறது காயத்தோட ஒத்துப்போகுதுன்னு சொன்னார். இதை வக்கீல் வாயால சொன்னா ஜூரிக்கு அது வெறும் வாதம், சாட்சியம் ஆகாது.

இதுல மாட்டிக்கற இடம் ஒண்ணு இருக்கு. "ஜெயிச்சா தர்றேன்"னு நிபுணர்கிட்ட பேரம் பேச முடியாது, பெரும்பாலான மாநிலங்கள்ல வக்கீல் நடத்தை விதியே தடுக்குது. முன்பணம் போகாம ஃபைலைத் தொட மாட்டாங்க. அதனால பிளான் எவ்வளவு தரும்னு கேக்கறதுக்கு முன்னாடி எப்போ தரும்னு கேளுங்க. துப்பாக்கி வச்சிருக்கறவங்க சங்கமான என்ஆர்ஏ 2017-ல கொண்டுவந்த "கேரி கார்ட்" (Carry Guard)ங்கற இதே மாதிரி பிளான்ல, கிரிமினல் செலவுல பெரும்பகுதி விடுதலை ஆன பிறகுதான் திரும்பி வர்ற மாதிரி இருந்துச்சு. தீர்ப்புக்கு அப்புறம் வர்ற பணத்தை வச்சு எந்த நிபுணரைக் கூண்டுல ஏத்துவீங்க?

அப்புறம், நிபுணரை வக்கீல் தேர்ந்தெடுத்து, வக்கீலே ஒப்பந்தம் போடணும். சாதகமா சொல்லாத நிபுணரைச் சாட்சிக்குக் கூப்பிடாம விட்டா, அவர் சொன்னது பொதுவா வெளிய போகாது. நீங்களே நேராப் பேசினா அந்தப் பாதுகாப்பு போயிடலாம்.

கேட்டி_கடைக்காரன்:
நன்றிம்மா. பேப்பர் வாங்கிப் பார்த்தேன். "முன் அனுமதி பெற்ற நியாயமான செலவு"ன்னு போட்டிருக்கு.

கோர்ட்டுவாசல்:
அனுமதி தர்றது யாரு, எத்தனை நாள்ல, மறுத்தா மேல யார்கிட்ட போறது? இதுக்கு மெயில்ல பதில் வாங்குங்க, போன்ல சொன்னது செல்லாது. வக்கீல் ஃபீஸுக்கும் நிபுணருக்கும் ஒரே உச்சவரம்பான்னும் கேளுங்க. ஒண்ணுதான்னா வக்கீலே பாதியைத் தின்னுடுவார். எங்க ஆபீஸ்ல யாரும் இதைப் படிக்க மாட்டாங்கன்னு நம்பிச் சொல்றேன்.

கேட்டி_கடைக்காரன்:
கடைசியா ஒண்ணு. தம்பி எச்-1பி தற்காலிக வேலை விசாவுல வந்து என்கூடத்தான் இருக்கான். அவனையும் ஃபேமிலி பிளான்ல சேர்க்கலாமா?

கோர்ட்டுவாசல்:
அண்ணா, எச்-1பில இருக்கறவங்க வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒரு சில விலக்கு இல்லாம துப்பாக்கி வச்சிருக்கறதே ஃபெடரல் குற்றம். பிளான் அப்புறம். முதல்ல அந்தத் துப்பாக்கியைப் பூட்டி, சாவியை நீங்க மட்டும் வச்சுக்குங்க.