மறு: ‘லேட் லூமன் லாஸ்’ – தமிழில் எப்படி?

> ‘தாமத உட்புழை இழப்பு’ போதுமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

வணக்கம் ஐயா,

பொருந்துகிறது, ஆனால் நடப்பதைச் சொல்லவில்லை. குழாயை விரிக்கப் பலூனோ ஸ்டென்ட்டோ (உள்ளேயே விட்டுவைக்கும் உலோக வலைக்குழல்) வைத்து முடித்த கையோடு, அந்த இதயத் தமனியில் மிகக் குறுகலான இடத்தின் உள்விட்டத்தை ஆஞ்சியோ படத்தில் அளக்கிறார்கள். சில மாதம் கழித்து, பெரும்பாலும் ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள், மறுபடி அளக்கிறார்கள். எத்தனை மி.மீ. குறைந்திருக்கிறது? அவ்வளவுதான் விஷயம். ‘உள்விட்டப் பின்குறைவு’ என்பேன், சுருக்கமாக ‘பின்குறைவு’.

சின்ன ரத்தக் குழாய்களுக்குத்தான் இந்த அளவு உயிர்நாடி. 3.5 மி.மீ. குழாயில் அரை மி.மீ. குறைந்தால் ரத்தம் ஓடும் பரப்பில் கால் பங்குக்குச் சற்று மேல் போகும். 2 மி.மீ. குழாயில் அதே அரை மி.மீ. குறைந்தால் 44 சதவீதம் காலி. உள்ளே வளரும் திசு, குழாய் சின்னதாயிற்றே என்று இரக்கம் பார்ப்பதில்லை.

அப்புறம் மருந்து பூசிய பலூன். அது உலோகம் எதையும் உள்ளே விட்டுவருவதில்லை. சிலருக்குக் குழாய் பிறகு தானாகவே அகலமாகிவிடும். அப்போது கணக்கு மைனஸில் வரும். ‘மைனஸ் இழப்பு’ என்று எழுதினால் வட்டிக்கடைப் பேரேடு மாதிரி இருக்கும். பின்குறைவுக்கு ‘பின்விரிவு’ என்ற எதிர்ச்சொல் கையிலேயே இருக்கிறது. சிகிச்சை முடிந்த உடனே கிடைப்பது ‘உடன்விரிவு’.

> ‘மறுகுறுக்கம்’ இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

மறுகுறுக்கம், அதாவது விரித்த குழாய் மறுபடி குறுகுவது, உண்டா இல்லையா என்ற கேள்வி. குழாய் பாதிக்குப் பாதி அடைத்தால் உண்டு. பின்குறைவு ஓர் அளவு. 2020இல் வந்த பிக்கொலெட்டோ 2 ஆய்வில், ஆறு மாதத்தில் பின்குறைவு மருந்து பலூனுக்கு 0.04 மி.மீ., மருந்து ஸ்டென்ட்டுக்கு 0.17 மி.மீ. இந்த வித்தியாசத்தை மறுகுறுக்கம் என்ற சொல்லால் காட்ட முடியாது.

ஆனால் படத்தில் குறைந்தால் நோயாளிக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று பொருளில்லை. 2018இல் வெளியான ‘பாஸ்கெட்-ஸ்மால் 2’ என்ற ஆய்வு 3 மி.மீ.க்குக் குறைந்த குழாய்கள் கொண்ட 758 பேரைப் பார்த்தது. இதய நோயால் இறப்பு, மாரடைப்பு, அதே குழாயில் மறு சிகிச்சை எல்லாம் சேர்த்து ஓராண்டில் பலூனுக்கு 7.5 சதவீதம், ஸ்டென்ட்டுக்கு 7.3. ஏறக்குறைய ஒன்றுதான். அறிக்கையில் ‘இழப்பு’ என்று பார்த்தால் வீட்டில் உள்ளவர்கள் பதறிப்போவார்கள். ‘குறைவு’ அந்த அளவுக்குப் பயமுறுத்தாது.

ஸ்டென்ட்டுக்குத் தமிழ் தேடும் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம். என் வாக்கு ஸ்டென்ட்டுக்கே.