காராமணி வேரில் உருண்டைகள்: மண்ணைக் கொட்டிவிட வேண்டுமா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
எங்கள் மாடியில் இரண்டு பைகளில் காராமணி போட்டிருந்தேன். ஒன்றில் ஊரிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணும் தொழுவுரமும், மற்றதில் தென்னை நார்க்கழிவு மட்டும். காய்ப்பு ஓய்ந்து செடிகளைப் பிடுங்கியபோது, செம்மண் பையின் வேர்களில் கடுகு முதல் மிளகு வரையிலான அளவில் உருண்டைகள் ஒட்டியிருந்தன. நார்க்கழிவுப் பையின் வேர்களில் ஒன்றுகூட இல்லை. அந்தச் செடியோ முதலிலிருந்தே வெளிறித்தான் நின்றது. வேரில் புழு விழுந்துவிட்டது, மண்ணைக் கொட்டிவிடுங்கள் என்கிறார் கீழ்வீட்டுப் பெரியவர்.

பதில் (பெரம்பூர்):
அவசரப்பட்டுக் கொட்ட வேண்டாம். உருண்டையை விரலால் தள்ளிப் பாருங்கள். ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருப்பதால் எளிதில் உதிரும். நூற்புழு தாக்கியிருந்தால் வேரே பருத்திருக்கும், தனியாகப் பிரியாது. உதிர்ந்ததை நகத்தால் நசுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கும் முடிச்சு. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் அம்மோனியாவாக மாற்றும், பாக்டீரியாவின் நைட்ரோஜினேஸ் என்னும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பது லெக்ஹீமோகுளோபின். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் உறவான அதுதான் ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது, அந்தச் சிவப்பும் அதனுடையதே. காய்ப்பு ஓய்ந்த செடியில் முடிச்சுகள் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கலாம். அது மூப்பு, நோயன்று.

பதில் (கொருக்குப்பேட்டை):
வெளிறிய செடிக்கும் விடை இதிலேயே இருக்கிறது. காராமணியின் வேர் தன் கசிவுகளால் பாக்டீரியாவை அழைக்கும். நார்க்கழிவில் அழைப்பை ஏற்க ஆள் இல்லை, அதனால் தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைக்காமல் செடி வெளிறியது. அடுத்த முறை ரைசோபியம் பொட்டலம் வாங்கி, ஆறிய சோற்றுக் கஞ்சியில் குழைத்து, விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதையுங்கள். வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா செத்துவிடும். பூஞ்சாண மருந்து தடவிய விதையில் பூசி ஒருமுறை நானே ஏமாந்தேன். யூரியாவும் போடாதீர்கள், மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுகளை வளர்க்க மெனக்கெடாது.

கேட்டவர்:
நசுக்கிப் பார்த்தேன். பெரும்பாலானவை பழுப்பு, நுனி வேர்களில் மூன்று மட்டும் சிவப்பு. எல்லாமே எளிதாக உதிர்ந்தன. அந்த மண்ணில் இனி கீரை போடலாமா?

பதில் (பெரம்பூர்):
தாராளமாகப் போடலாம். ஆனால் சேர்ந்த தழைச்சத்தில் பெரும்பகுதி காய்களோடு உங்கள் சமையலறைக்குப் போய்விட்டதால், தொழுவுரத்தைக் குறைக்காதீர்கள். இனிமேல் செடியைப் பிடுங்காமல் தரையோடு வெட்டி, வேரை மண்ணிலேயே மக்க விடுங்கள்.