அப்பத்தா வீடு – ரங்கூன் (வாட்ஸ்அப் குழு)

சனி

மலர், இரவு 8:10
யாரு அந்தப் புண்ணியவான்? தகரப் பெட்டியில கிடந்த துப்பறியும் நாவலை எடுத்தேன். கொலை நடக்குறது 30-ம் பக்கம். 32-ம் பக்க ஓரத்துல பென்சில்ல "டாக்டர்தான் கொலைகாரன்"னு எழுதி வச்சிருக்கு 😡

கார்த்தி (தன்லின்), 8:12
😂😂 மிச்சப் பக்கத்தை வச்சு விசிறிக்கோ

சித்தப்பா (மோல்மேன்), 8:20
அட்டை இல்லாத புத்தகமா? 1964-ல கடைகளை அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப ஊருக்குக் கப்பலேறின யாரோ விட்டுட்டுப் போனதும்மா அது. அப்பா எடுத்து வச்சாரு. அப்புறம் தமிழ்ப் புத்தகம் வர்றதே அபூர்வம், ஒண்ணு பத்து வீடு சுத்தும். எழுதுனது யாருன்னு எங்க போய்த் தேடுவ?

மலர், 8:22
கரண்ட் போச்சு. டார்ச் வச்சுப் படிக்கிறேன். பை.

ஞாயிறு

மலர், காலை 7:05
முடிச்சுட்டேன்.
டாக்டர் இல்ல!!!!

அத்தை (தன்லின்), 7:09
பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையா நீ? தூங்குனியா?

மலர், 7:16
இல்லத்தை 🙈 கேளுங்களேன். அந்தப் பென்சில் எழுத்தைப் பாத்ததுலருந்து டாக்டர் கை கழுவுனாக் கூட சந்தேகம். அவர் இருமுனாலும் நடிப்புன்னு நெனச்சேன். கணக்குப்பிள்ளைய நான் சீண்டவே இல்ல. அவன்தான் கொன்னது! 41-ம் பக்கம் நடையில விளக்கு அணைஞ்சு கிடந்துச்சுங்கிறான். 58-ம் பக்கம் அதே நடையில சுவர்க்கடிகாரத்துல மணி பாத்தேங்கிறான். கும்மிருட்டுல எப்படிப் பாத்தான்? கரண்ட் இல்லாத வீட்டுல உக்காந்து படிக்கிற எனக்கே உறைக்கல பாருங்க.

கார்த்தி, 7:20
1929-ல ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு பாதிரியார் துப்பறியும் கதைக்கு 10 விதி எழுதுனாரு. கிடைச்ச தடயத்தை வாசகர்கிட்ட மறைக்கக் கூடாதுங்கிறது அதுல ஒண்ணு. இந்தாளு மறைக்கல, நீதான் பாக்கல 😎

மலர், 7:21
அதான் எரியுது. திரும்ப முதல்லருந்து படிக்கப் போறேன். இந்தத் தடவைதான் ருசியா இருக்கும்னு தோணுது, பொய்யை எங்கெங்க ஒளிச்சிருக்கான்னு பாக்கலாம்.

சித்தப்பா, 7:30
நாங்கள்லாம் பர்மீஸ்லதான் படிச்சோம். ஷ்வே உ டௌங் எழுதுன சான் ஷா கதைங்க. ஷெர்லாக் ஹோம்ஸையே பர்மாக்காரனா ஆக்கிட்டாரு மனுசன். வாடகைப் புத்தகக் கடையில எடுத்து, ராத்திரியோட ராத்திரியா முடிச்சுக் குடுத்துருவோம்.

மலர், 7:34
சித்தப்பா, ஒரு தடயம் சிக்கிருச்சு. "கொலைகாரன்"ல லை இருக்குல்ல, அது யானைத் துதிக்கை போட்ட பழைய லை. தமிழ்நாட்டுல 1978-ல எழுத்தை மாத்துனாங்கள்ல, அதுக்கு முந்தினது. நம்ம வீட்டுல இன்னும் அப்படி எழுதுறது யாரு?

சித்தப்பா, 7:36
நான் இல்லப்பா. எனக்குத் தமிழ்ல கையெழுத்துப் போடத்தான் வரும்.

கார்த்தி, 7:41
📷 படம்
நேத்து என்னைக் கடைக்கு அனுப்புன சீட்டு. வெற்றிலை, கறிவேப்பிலை. ரெண்டு லையும் பாரு 👀

மலர், 7:42
அப்பத்தா!!!!!!

அத்தை, 7:50
அம்மா பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கு. சொல்றத அப்படியே போடுறேன்:
"ஆமாத்தா, நாந்தான் எழுதுனேன். நான் அடுப்படியில கிடக்கும்போது உங்க தாத்தா பாதிப் புத்தகத்தைப் புடுங்கிட்டுப் போயி, முடிச்சுட்டு வந்து கதைய ஒடைச்சிருவாரு. அந்தத் தடவை நான் முந்திக்கிட்டேன். வேணும்னே தப்பா எழுதி வச்சேன்."

கார்த்தி, 7:51
🔥🔥🔥 தாத்தா என்ன பண்ணாரு?

அத்தை, 7:53
"அந்தப் பக்கத்தைப் பாத்ததும் இவ்வளவுதானான்னு மூடி வச்சுட்டாரு. டாக்டருன்னு நெனச்சுக்கிட்டேதான் போய்ச் சேந்தாரு."