அலை ஓய்ந்த பிறகு விசுவாசம் என்ன செய்தது?

கடலோரன்:
2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த திருப்பயணிகள் பலரை ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போனது. பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. அதைப் புதுமை, அதாவது மாதா செய்த அற்புதம், என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். நான் பேச வந்தது வேறு. குமரிக் கடற்கரையில் அதே அலையில் வீட்டையும் வள்ளத்தையும் மகனையும் இழந்த என் சித்தி, அடுத்த ஞாயிறே திருப்பலிக்குப் போனார். அந்தத் திடம் விசுவாசத்திலிருந்து வரவில்லை என்பவர்கள், வேறெங்கிருந்து வந்தது என்று கூறட்டும்.

கேள்விக்காரன்:
மனிதர்களிடமிருந்து வந்தது. அன்று கல்யாண மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் திறந்துவிடப்பட்டன. சாதி, மதம் கேட்காமல் சோறு பொங்கிப் போட்டவர்களும், உடல்களை அடையாளம் காணத் துணைக்கு வந்தவர்களும்தான் இழந்தவர்களைத் தூக்கி நிறுத்தினார்கள். பேராலயம் தப்பியதைக் கடவுள் கணக்கில் வரவு வைக்கிறவர்கள், கைக்குழந்தையோடு கரையில் நின்றவர்கள் போனதை யார் கணக்கில் பற்று எழுதுவார்கள்?

நெல்லைச் சபையான்:
அந்தக் கேள்வி நியாயமானது; அதைக் கேட்கக்கூடாது என்கிற பிரசங்கிகளோடுதான் எனக்குச் சண்டை. வேதாகமத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகவே இருந்தார்கள். துன்பத்துக்குக் காரணம் விளக்கத் தொடங்கியபோதுதான் தவறினார்கள், கடைசியில் கடவுள் கடிந்துகொண்டதும் அவர்களையே. வேதாகமத்தின் ஜெபப் பாடல்களில் சங்கீதம் 88-ஐ (கத்தோலிக்க நண்பருக்குத் திருப்பாடல்) வாசித்துப் பாருங்கள். ஆறுதல் வரி ஒன்றுகூட வராமல் இருளிலேயே முடிகிறது. சிலுவையில் கிறிஸ்து கதறியதும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" முறையிடுவதற்கு இவ்வளவு இடம் கொடுக்கும் விசுவாசத்தை வெறும் சமாதானப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

கேள்விக்காரன்:
முறையிட இடம் இருக்கிறது, பதில் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் வெறும் சுவரைப் பார்த்து அழுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கடலோரன்:
சித்தி ஓராண்டு மாதா படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். கோவிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. கேட்டதற்கு, "சண்டை அவளோடதான், அதுக்காக வீட்டுக்குப் போகாம இருப்பேனா?" என்றார். சுவரோடு யாரும் ஓராண்டு கோபித்துக்கொண்டிருப்பதில்லை, ஐயா.

கேள்விக்காரன்:
உங்கள் சித்தியை நான் மறுக்கவில்லை. அவருக்கு அது பலம் தந்தது என்பதை ஏற்கிறேன். அங்கே கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அது சான்றாகாது என்பதே என் நிலை, அதில் மாற்றமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: நினைவு நாளில் "மாதா காப்பாற்றினாள்" என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது, மகனைப் பறிகொடுத்த உங்கள் சித்தி எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்?

கடலோரன்:
பின்வரிசையில். அந்தப் பேச்சு தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவார். நற்கருணை நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுவார்.