வலிப்பு எச்சரிக்கைக்கு மேகக்கணினி தேவையா?

கணியன்:
அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலி ஷோயபும் ஜான் குட்டாகும் 2010இல் வெளியிட்ட ஆய்வை மறுபடி படித்தேன். 24 நோயாளிகள், 916 மணி நேர ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலை) பதிவு. 173 வலிப்புகளில் 96 விழுக்காட்டை இயந்திரக் கற்றல், அதாவது பழைய பதிவுகளைக் காட்டிப் பழக்கிய கணினி, பிடித்துவிட்டது. வலிப்பு தொடங்கியதிலிருந்து அதைக் கண்டுபிடிக்க இடைநிலைத் தாமதம் 3 நொடிதான். இதை மேகக்கணினியில், அதாவது இணையத்தின் வழி எட்டும் தொலைதூரச் சர்வர்களில் ஏற்றி வீட்டுக்கு வீடு கண்காணித்தால் என்ன?

தேன்மொழி:
என் மகனுக்கு ஒன்பது வயது. மணிக்கட்டில் கட்டும் கருவி ஒன்றை வாங்கினோம். அது கைப்பேசிக்குச் சொல்லி, கைப்பேசி சர்வருக்குச் சொல்லி, சர்வர் எனக்குச் சொல்ல வேண்டும். அவன் பல் துலக்கினால் தவறாமல் அலறும். ஒருநாள் விடியற்காலையில் உண்மையாகவே வலிப்பு வந்தது. இணையம் இல்லை. கட்டில் ஆடிய சத்தத்தில்தான் விழித்தேன். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயோரத்து நுரையைத் துடைத்த பிறகு எச்சரிக்கை வந்து சேர்ந்தது.

கணியன்:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. ஆனால் அது இணையத்தின் கோளாறு, கணிப்பு முறையின் கோளாறு அல்லவே.

அலைகோடு:
தம்பி, அதே ஆய்வில் 24 மணி நேரத்துக்கு 2 தவறான எச்சரிக்கை என்றும் இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதுவும் ஒவ்வொருவருக்கும் அவரவர் வலிப்புப் பதிவைக் காட்டியே பழக்கிய பிறகு! ஈ.ஈ.ஜி. எடுப்பது என் பிழைப்பு. பிள்ளை முறுக்கு மென்றால் போதும், தாடைத் தசை திரை முழுவதும் கிறுக்கிவிடும். தலையிலிருந்து வரும் அலைகள் 23 தடம், தடத்துக்கு நொடிக்கு 256 அளவீடு, ஒவ்வொன்றும் 2 பைட் என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஜிகாபைட். அதை ஓயாமல் மேலே மேகக்கணினிக்கு அனுப்பச் சொல்கிறீர்கள். அமெரிக்காவில் 2013இல் அனுமதி பெற்ற நியூரோபேஸ் கருவி மண்டையோட்டில் இருந்தபடியே வலிப்பின் தொடக்கத்தைக் கண்டு, அங்கேயே மின்துடிப்பும் கொடுக்கிறது. சர்வரிடம் உத்தரவு கேட்டு நிற்பதில்லை.

கணியன்:
மண்டையைத் திறக்க எத்தனை பேரால் முடியும்? உலகில் வலிப்பு நோயாளிகள் சுமார் 5 கோடி. அவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவரே இல்லாத ஊரிலிருந்து பதிவை அனுப்பாமல் யாரிடம் காட்டுவது? சரி, எச்சரிக்கை கருவியிலேயே அடிக்கட்டும். அதில் நீங்கள் சொல்வதுதான் நியாயம். பழக்குவதும் மருத்துவர் பார்ப்பதும் மேலே நடக்கட்டும்.

அலைகோடு:
பார்ப்பது சரி. பழக்க யாருடைய பதிவை எடுப்பீர்கள்? அவர்களைக் கேட்டா, கேட்காமலா?

தேன்மொழி:
கேட்டால் நான் கொடுப்பேன் ஐயா. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கடிகாரத்தை யார் பார்க்கிறார்கள்? அந்தக் கணக்கைக் கருவி வைத்தாலே எனக்குப் பாதி நிம்மதி. கணியன் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும்: நள்ளிரவில் இணையம் அறுந்தால், அறுந்துவிட்டது என்றாவது அது மணி அடிக்குமா? எங்கள் வீட்டில் இருப்பது பச்சை விளக்கை எரித்துக்கொண்டு சும்மா கிடந்தது.