தூக்குக்குப் பதில் விஷ ஊசி: நிஜமாகவே வலிக்காதா?

கொங்குத்தம்பி:
தூக்கை எடுத்துவிட்டு ஊசியோ துப்பாக்கியோ கொண்டுவரச் சொல்லி 2017-ல் வழக்கறிஞர் ரிஷி மல்ஹோத்ரா உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டதை இப்போதுதான் படித்தேன். எனக்குச் சரியென்றுதான் பட்டது. ஆபரேஷனுக்குத் தூங்கவைக்கிற மாதிரி தூங்கவைத்து முடித்துவிட்டால் போயிற்று. தண்டனை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு வரவில்லை. முறையைப் பற்றி மட்டும், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வக்கீல் குமாஸ்தா:
பழைய கேள்விதான் தம்பி. 1983-ல் தீனா வழக்கில், தூக்கு அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003-ல் சட்ட ஆணையம் தன் 187-வது அறிக்கையில் ஊசியையும் சேர்க்கலாம் என்றது. இன்னும் கிடப்பில்தான். ராணுவச் சட்டத்தில் மட்டும் சுட்டுக் கொல்ல இடமுண்டு.

ஈதர்:
மயக்க மருந்து கொடுப்பதுதான் என் தொழிலாக இருந்தது, இப்போது ஓய்வு. 'ஆபரேஷன் மாதிரி' என்றதால் வந்தேன்.

1977-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உருவான விஷ ஊசி முறையில் மூன்று மருந்து. முதலில் பென்டதால் என்ற மயக்க மருந்து. வெளிர்மஞ்சள் பொடி, கரைத்து ஏற்ற வேண்டும். ஏறும்போது வாயில் பூண்டு வாடை வருகிறது என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது பாங்குரோனியம். தசைகளை முடக்கும், மூச்சு நிற்கும், ஆனால் நினைவைத் தொடாது. கடைசியில் பொட்டாசியம் குளோரைடு, இதயத்தை நிறுத்த. ட்ரிப்பில் கொஞ்சமே கலந்து ஏற்றினாலும் "கை எரியுது டாக்டர்" என்பார்கள். அதை மொத்தமாக ஏற்றுகிறார்கள்.

முதல் மருந்து சரியாகப் போகவில்லை என்று வையுங்கள். ஆள் விழித்திருப்பார், விரலைக்கூட அசைக்க முடியாது. ஆபரேஷன் தியேட்டரில் இப்படி ஆனால் நாடித்துடிப்பு எகிறும், வியர்க்கும், கண்ணோரம் நீர் வழியும். அதற்காகத்தான் தலைமாட்டில் ஒருவர் விடாமல் உட்கார்ந்திருக்கிறோம். சிறையில் யார் உட்காருவார்? இதயத்தை நிறுத்தப் பொட்டாசியமே போதுமே, நடுவில் பாங்குரோனியம் எதற்கு? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாட்சியாக இருப்பவர்கள் உடம்பு துடிப்பதைப் பார்க்காமல் இருக்கத்தான் அது பயன்படுகிறது.

அப்புறம் நரம்பு கிடைக்க வேண்டும். 2009-ல் ஒஹாயோவில் ரோமெல் புரூம் என்ற கைதிக்கு இரண்டு மணி நேரம் குத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 2014-ல் ஓக்லஹோமாவில் கிளேட்டன் லாக்கெட்டுக்கு இடுப்பு மடிப்பில் ஊசி ஏற்றி மேலே துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். மருந்து ரத்தத்தில் போகாமல் சதைக்குள் இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. முனகினார், எழப் பார்த்தார், உயிர் போக 43 நிமிடம்.

சேலத்துச் சிங்கம்:
எங்கள் ஊர் ஜெயிலில்தான் 1995-ல் ஆட்டோ சங்கரைத் தூக்கில் போட்டார்கள். அவன் கொன்றானே, அவர்களிடம் வலிக்குதா என்று கேட்டானா? இவர்களுக்குப் போய் வலி பார்த்துக்கொண்டு!

ஈதர்:
அந்தக் கோபம் புரிகிறது. தம்பி கேட்டது முறையைப் பற்றி, அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

கொங்குத்தம்பி:
அப்போது தூக்கே தேவலையா டாக்டர்?

ஈதர்:
கணக்குச் சரியாக இருந்தால் சீக்கிரம் முடியும். எடைக்கு ஏற்ற விழு உயரம் என்று பிரிட்டிஷ்காரன் அட்டவணையே வைத்திருந்தான். ஒல்லியானவருக்கு அதிக உயரம், கனத்தவருக்குக் குறைவு. உயரம் போதாவிட்டால் கழுத்தெலும்பு முறியாமல் மூச்சுத் திணறல்தான். கூடினால் 2007-ல் பாக்தாத்தில் சதாமின் தம்பி பர்சானுக்கு நடந்ததுபோல் தலையே துண்டாகிவிடும். இங்கே எப்போதோ ஒருமுறைதான் தூக்கு, கை பழகிய ஆள் ஏது? 2020-ல் திகாருக்கே மீரட்டிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் அலபாமாவில் 2024 ஜனவரியில், நைட்ரஜன் வாயுவை மட்டும் சுவாசிக்கவைத்துக் கொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். நொடிகளில் நினைவு போய்விடும் என்றது அரசுத் தரப்பு. அப்படிக் கொல்லப்பட்ட கென்னத் ஸ்மித் நிமிடக் கணக்கில் உதறியதை நிருபர்கள் நேரில் பார்த்து எழுதினார்கள். வேகம்தான் முக்கியம் என்றால் தலையை வெட்டும் கில்லட்டின் இயந்திரம் இருக்கிறது, பிரான்ஸ் 1977 வரை பயன்படுத்தியது. ரத்தம் தெரியும் என்பதால் யாரும் அதைக் கேட்பதில்லை.

வக்கீல் குமாஸ்தா:
இங்கே ஊசி வந்தால் நீங்கள் போடுவீர்களா டாக்டர்?

ஈதர்:
மாட்டேன். எனக்குத் தெரிந்த எந்த மயக்க மருத்துவரும் போடமாட்டார். மிச்சம் இருப்பது சிறை ஊழியர்தான். போதை ஊசியால் நரம்பெல்லாம் கெட்டுப்போன கைதி ஒருவர் வந்தால் அந்த ஊழியர் என்ன செய்வார்? மனுவில் இதற்கு ஏதாவது சொல்லியிருக்கிறதா, படித்துவிட்டுச் சொல்லுங்கள் சார்.